முத்துச்சாமி சாரின் டோக்கன்

முத்துச்சாமி சார் எதைத் தொட்டாலும் அதில் லேபிள் ஒட்டிவிடுவார். அமிலக் குப்பிக்கு, ஐஸ் பெட்டிக்கு, ஃபிரிட்ஜில் இருக்கும் தயிர் டப்பாவுக்கு. வெள்ளைத் துணிப் பிளாஸ்டரைப் பல்லால் கிழித்து ஒட்டி, மேலே கறுப்புப் பேனாவால் பெயரும் தேதியும் எழுதுவார். அவருடைய டோக்கனிலும் அப்படி ஒரு பிளாஸ்டர் இருந்தது. 'மு.சா. 24-3-24 முதல் 23-3-26 வரை.' அதற்குக் கீழே எட்டு எண்கள். அதுதான் பின் நம்பர்.

டோக்கன் பார்ப்பதற்குப் பென் டிரைவ் போலத்தான் இருக்கும். அதைக் கணினியில் செருகிப் பின் நம்பரைக் கொடுத்தால், தண்ணீர்ச் சோதனை அறிக்கையின் அடியில் அவர் பெயரும் ஒரு பச்சை டிக்கும் வந்து உட்காரும். சட்டத்துக்கு அதுவும் பேனாக் கையெழுத்தும் ஒன்று.

"நம்பரை ஏன் சார் அது மேலயே எழுதிருக்கீங்க?" என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டேன். அவரிடம் நானாகக் கேட்ட முதல் கேள்வி அது.

"லேபிள் இல்லாத குப்பி விசம் பாப்பா," என்றார். "உள்ள என்ன இருக்குன்னு வெளிய எழுதிரணும்."

எங்கள் லேப் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருக்கிறது. கீழே டீக்கடை. பஜ்ஜி எண்ணெய்ப் புகை படியேறி வரும். ஓனர் ஆனந்த்ராஜ் சார் காலையில் நாலு, சாயங்காலம் நாலு என்று அங்கிருந்து வரவழைத்துத் தின்றுவிட்டு, அதே விரல்களால் கீபோர்டைத் தட்டுவார். எழுத்துகள் பிசுபிசுக்கும். நான் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பேன். மறுநாள் மறுபடியும் பிசுபிசுக்கும்.

தண்ணீர்தான் எங்களுக்குத் தொழில். வேடசந்தூர் மில்களின் கழிவுத் தண்ணீர், ஹோட்டல்களின் போர்வெல் தண்ணீர், பஞ்சாயத்துத் தொட்டிகளின் தண்ணீர். எல்லாவற்றையும்விட அதிகமாகத் தோல் பதனிடும் ஷாப்புகளின் தண்ணீர். அந்தக் கேன்களைத் திறந்தால் சுண்ணாம்பும் அழுகிய மயிரும் கலந்த வாடை வரும். மதியச் சாப்பாட்டின்போது கையை எத்தனை முறை கழுவினாலும் அது சோற்றுக்குள் இருக்கும்.

தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை முத்துச்சாமி சார் வேடசந்தூரிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார். மடியில் ஐஸ் பெட்டி. டிக்கெட் கேட்ட கண்டக்டர் தோளைத் தொட்டபோது சாய்ந்துவிட்டார். பெட்டிக்குள் ஆறு சாம்பிள்களும் பத்திரமாக இருந்தன. ஆறிலும் லேபிள்.

பதினாறு முடிந்த மறுநாள் அவர் மனைவி மணிமேகலை அக்கா லேப்புக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் துவைத்து மடித்த வெள்ளைக் கோட்டு, லேப் சாவி, டோக்கன்.

"ஆபீஸ் சாமானெல்லாம் வீட்டுல வச்சிருந்தா அவருக்கு இங்கயும் இல்ல அங்கயும் இல்லன்னு ஆயிரும்னு சொன்னாங்கண்ணே. மஞ்சத்தண்ணி தொளிச்சுத்தான் கொண்டாந்திருக்கேன்," என்றார். பிறகு டோக்கனைத் தனியாக எடுத்துக் காட்டினார். "இது பாட்டுக் கேக்குறதுன்னு நெனச்சேன். பவித்ராதான் இல்லம்மா, அப்பா கையெழுத்துப் போடுறது, கொண்டுபோய்க் குடுத்துருன்னா."

ஆனந்த்ராஜ் சார் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிளாஸ்டரில் மஞ்சள் ஏறியிருந்தது. எண்கள் அழியவில்லை.

"நல்ல காரியம் செஞ்ச தங்கச்சி," என்றார்.

அக்கா படியிறங்கிய பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"தமிழ்நிலா, லேப்பு அங்கீகாரம் சாரு பேர்ல இருக்கு. புது ஆளப் புடிச்சு, அவன் பேர ஏத்தி, அங்கீகாரம் குடுக்குற எடத்துலருந்து ஒருத்தன் வந்து பாத்து... ஆறு மாசம் ஆகும்மா. ஆறு மாசம் கடைய மூடட்டா?"

காலியாகக் கிடந்த நாற்காலியைக் காட்டினார்.

"சாரு சேர்ல உக்காரு. ஒரு அமுக்குதான?"

டோக்கனின் மூடியைக் கழற்றி, அதன் முனையால் காதைக் குடைந்துகொண்டே சொன்னார். குடைந்து முடித்து என்னிடம் நீட்டினார். நான் அதை வாங்கி ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன். எட்டு எண்களையும் தட்டினேன். அன்று பதினோரு அறிக்கைகள். பதினொன்றிலும் பச்சை டிக்.

அம்மா வேடசந்தூர் மில்லில் ஷிப்ட் பார்க்கிறாள். அறிவியல் படித்த மகள் ஏசி அறையில் வேலை செய்கிறாள் என்று பஸ்ஸில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். அதையும் நினைத்துக்கொண்டுதான் தட்டினேன். இதைச் சொல்வதால் ஒன்றும் குறையப்போவதில்லை.

சித்திரையில் அரசாங்கப் போர்ட்டல் எங்கள் அறிக்கைகளைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தது. பச்சை டிக் இருந்த இடத்தில் மஞ்சளாக ஒரு கேள்விக்குறி. கையெழுத்துப் போடும் சாஃப்ட்வேர் பழசாகிவிட்டது, புதிது போடவேண்டும் என்றார்கள். ஆனந்த்ராஜ் சார் என்னைப் பேகம்பூருக்கு அனுப்பினார். பள்ளிவாசல் தெருவில் வாஜித் பாய் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறார். ஒரு பக்கம் ஜெராக்ஸ், மறுபக்கம் டோக்கன். முத்துச்சாமி சாருக்கு டோக்கன் எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான்.

"வாம்மா, உக்காரு. சாரு நல்லாருக்காரா? ஆளையே காணோம். ரினிவலுக்கு இன்னும் நாள் கெடக்கு, அதான் வரலபோல."

"ம்ம்," என்றேன்.

வாயிலிருந்து அவ்வளவுதான் வந்தது. அவர் ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"மூணு இருக்கும்மா. ஒண்ணொண்ணாச் சொல்றேன், கேட்டுக்க. மொத சாஃப்ட்வேரு, காலையில ஒருவாட்டி பின்னு குடுத்தாப் போதும். அது மனசுல வச்சுக்கிரும். நூறு ஃபைலு குடு, நூறுக்கும் போட்டுத் தள்ளும். டோக்கன எடுக்க மறந்துட்டுப் போனா யாரு வேணாலும் போடலாம்."

"தேதி?"

"தேதி என்ன, கம்ப்யூட்டரு என்ன சொல்லுதோ அதுதான். நீ கம்ப்யூட்டர்ல போன வருசம்னு வச்சா அதுவும் போன வருசம்னு போடும். அப்பாவி." அவர் சிரித்தார். "இங்க முக்காவாசிப் பேரு அதத்தான் கேக்குறாங்க. ஆடிட்டரு ஆபீசுல போய்ப் பாரு, ஸ்வீட் பாக்ஸு நெறைய டோக்கனு. யாரு கையெழுத்த யாரு போடுறான்னு அல்லாவுக்குத்தான் வெளிச்சம்."

"ரெண்டாவது?"

"அது இலவசம். ஆனா போர்ட்டலு எடுக்காது. விடு. மூணாவது இருக்கு பாரு, அது மாமியா மாதிரி. ஒவ்வொரு ஃபைலுக்கும் பின்னு கேக்கும். கேட்டுட்டுச் சும்மாவும் இருக்காது. டோக்கன் குடுத்த கம்பெனிக்கு நெட்டுல போயி, இந்த ஆளு கையெழுத்து இன்னும் செல்லுமா, ரத்தாயிருச்சான்னு விசாரிச்சுட்டு வரும். நேரத்தையும் நம்ம கம்ப்யூட்டருகிட்ட கேக்காது. வெளிய ஒரு எடத்துல வாங்கி, கையெழுத்துக்குள்ளயே பூட்டிரும். அத யாராலயும் மாத்த முடியாது. ஆனா மெதுவு. நெட்டு இல்லன்னா வேலையே செய்யாது."

"வெலை?"

"ரெண்டும் ஒரே வெலைதான். எத வேணும்னாலும் எடுத்துக்க. சாருக்கு மூணாவதுதான் புடிக்கும். அவரு சுத்தக்காரரு."

கடைக்கு வெளியே வந்து ஆனந்த்ராஜ் சாருக்கு போன் செய்தேன்.

"எதும்மா சீக்கிரமாப் போடும்?"

"ஒண்ணாவது சார்."

"அதயே போடு."

"அத போர்ட்டல் எடுக்காது சார். மூணாவதத்தான் எடுக்கும்."

அன்று நான் சொன்ன இரண்டாவது பொய் அது. முதல் பொய் வாஜித் பாயிடம் சொன்ன 'ம்ம்'. இரண்டாவதை ஏன் சொன்னேன் என்று அப்போது யோசிக்கவில்லை. சாருக்குப் பிடித்ததை வாங்கினேன் என்று பஸ்ஸில் வரும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கரட்டுப்புதூர் விவகாரம் வைகாசியில் வந்தது. கரட்டுப்புதூர் முத்துச்சாமி சாரின் சொந்த ஊர். தோல் ஷாப் ஒன்றிலிருந்து பார்த்தால் தெரியும் தூரம். பொங்கலுக்கு முன்பே ஊர் போர்வெல்லில் தண்ணீர் நிறம் மாறியிருந்தது. யூனியன் ஆபீஸ் சோதிக்கச் சொன்னதும் சார் தன் கையால் ஒரு பாட்டில் பிடித்துவந்து சோதித்தார். உப்பு அளவு லிட்டருக்கு மூவாயிரத்து நூற்று நாற்பது மில்லிகிராம். வேறு தண்ணீர் கிடைக்காத ஊர் என்றாலும் இரண்டாயிரத்தைத் தாண்டக்கூடாது. தோல் பதனிடப் பயன்படும் குரோமியமும் இருந்தது.

அன்று சாருக்கும் ஆனந்த்ராஜ் சாருக்கும் நடந்த பேச்சை நான் பிப்பெட் கழுவிக்கொண்டே கேட்டேன்.

"கொஞ்சம் கொறச்சுப் போட்ரலாம்ணே. ஷாப்புக்காரரு நம்ம பெரிய பார்ட்டி."

"தண்ணி கொறஞ்சாக் கொறச்சுப் போடுறேன்."

"ஏண்ணே, ஊருக்கு ஒங்களால நல்லது நடக்கணும்னா கட இருக்கணும்ல?"

"ஆனந்து, நா இதுல கையெழுத்துப் போட மாட்டேன். பாட்டிலு ஃபிரிட்ஜுல இருக்கு. யாரு வேணும்னாலும் எடுத்துப் பாத்துக்கட்டும்."

அந்த அறிக்கை அப்படியே நின்றது. பத்து நாளில் சாரும் போய்விட்டார்.

வைகாசியில் யூனியன் ஆபீஸ், ஊர்க்காரர்கள் மனு கொடுத்ததால், அந்த அறிக்கை எங்கே என்று கேட்டது. ஆனந்த்ராஜ் சார் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எண்ணெய் வாடை.

"மூவாயிரத்து நூத்தி நாப்பத ஆயிரத்து எண்ணூத்தி நாப்பதுன்னு அடி. குரோமியம் 'கண்டறியப்படவில்லை'. தேதி ஜனவரி இருபது."

"ஜனவரியா சார்?"

"அந்த ஊர்க்காரனுக்குச் சாரு செத்தது தெரியும்ல? இருக்கும்போதே பாத்துக் குடுத்ததா இருக்கட்டும். கையெழுத்துக் கட்டத்துல தேதி வருமா?"

"எடுத்துரலாம் சார். பேரும் டிக்கும் மட்டும் வரும்."

"எடுத்துரு."

எடுத்தேன். வெளியே தெரியும் தேதியைத்தான் எடுக்க முடியும். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. எட்டு எண்களைத் தட்டினேன். சாஃப்ட்வேர் வெளியே போய் விசாரித்துவிட்டுத் திரும்பியது. அது விசாரிக்கும் நேரத்தில் திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றும். அந்தச் சில நொடிகளில், இல்லை என்று சொல்லிவிடாதா என்று நினைத்தேன். டோக்கன் கொடுத்த கம்பெனிக்குச் சார் இறந்ததை யாரும் சொல்லவில்லை. பச்சை டிக் வந்தது.

உயிரோடு இருந்தபோது போட மாட்டேன் என்று அவர் சொன்ன கையெழுத்தை நான் போட்டேன். பிறகு பாத்ரூமுக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். இரண்டு முறை. தோல் ஷாப் கேன் வாடை என்று சொல்லிக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து மணிமேகலை அக்கா வந்தார். கையில் எவர்சில்வர் தூக்குவாளியும் ஒரு தண்ணீர் பாட்டிலும். மேசைமேல் இருந்த ரிப்போர்ட்டுகளை நகர்த்திவிட்டுத் தூக்குவாளியை வைத்தார். மூடியைத் திறந்ததும் அந்த வாடை. உள்ளே பருப்பு. விறைத்து, தனித்தனியாக, கல் மாதிரி கிடந்தது.

"மூணு விசிலு, ஆறு விசிலு, ஒம்போது விசிலு விட்டுப் பாத்தேன். வேகலண்ணே. சோறு மஞ்சளாப் பூக்குது. குழம்புக்கு உப்பே தேவையில்ல, அம்புட்டுக் கரிப்பு."

"இத எதுக்குத் தங்கச்சி இங்க..."

"எதுக்கா? ஊருத் தொட்டித் தூணுல ரிப்போர்ட்ட ஒட்டிருக்காங்க. குடிக்க உகந்ததுன்னு. கீழ எம் புருசன் பேரு. கொழாயடிக்குப் போறேன், ஒருத்தி வரிசைய வெலக்கி விடுறா. 'வாங்க வாங்க, மொத கொடம் நீங்கதான் புடிக்கணும், ஒங்க வீட்டுக்காரரு ருசி பாத்த தண்ணி'ங்கிறா. இன்னொருத்தி, 'செத்தும் நமக்குத் தண்ணி காட்டிட்டுப் போயிட்டாருடி'ன்னு சிரிக்கிறா. பேச்சாயின்னு ஒருத்தி இருக்கா, அவரு கருமாதிக்கு மூணு நாளு வந்து கூடமாட வேல செஞ்சவ. அவ ஒண்ணும் சொல்லல. எங் கொடத்தப் பாத்துக் காறித் துப்பிட்டுப் போனா."

ஆனந்த்ராஜ் சார் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்கண்ணே. இது அவரு போட்டதா?"

"அவரு டோக்கனு, அவரு பேரு. வேற யாரு போடுவா?"

"ஜனவரியில அவரு எங்கிட்ட, கடையில தண்ணி வாங்கு, போர்த் தண்ணிய வாயில வைக்காதன்னு சொன்னாரு. அந்தச் சொல்லும் இந்தக் காயிதமும் ஒரே வாயில வருமா?"

"மனுசன் வீட்டுல ஒண்ணு பேசுவான், ஆபீசுல ஒண்ணு செய்வான். குடும்பம்னு இருக்குல்ல தங்கச்சி." அவர் குரலைத் தாழ்த்தினார். "செத்தவரப் பத்தி நாம ஏன் பேசிக்கிட்டு? பவித்ரா இந்த வருசம் முடிக்குதுல்ல? இங்கயே வந்துரச் சொல்லுங்க. அப்பா சீட்டு. நா பாத்துக்கிறேன்."

தூக்குவாளியை அவரே மூடி, விரல் நுனியால் அக்காவின் பக்கம் தள்ளினார். பிறகு விரலை முகர்ந்து பார்த்துவிட்டுக் கர்ச்சீப்பில் துடைத்தார்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கரட்டுப்புதூர் பஸ்ஸில் ஏறினேன். ஏறிய பிறகும் பாதி வழியில் இறங்கிவிடலாம் என்றுதான் இருந்தேன். வெயிலுக்கு ரோட்டோரக் காடெல்லாம் வெளுத்துக் கிடந்தது. ஊர் வருவதற்கு ஒரு மைல் முன்பே பஸ்ஸில் இருந்தவர்கள் துண்டையும் முந்தானையையும் மூக்குக்குக் கொண்டுபோனார்கள். பேசிக்கொண்டே, பேச்சை நிறுத்தாமல்.

அக்கா வீடு ஓட்டு வீடு. அடுப்படி அலமாரி முழுக்கத் துணிப் பிளாஸ்டர். 'உப்பு 2-1-25.' 'மல்லி 11-1-25.' சாருக்குப் பிறகு எந்த டப்பாவிலும் தேதி மாறவில்லை. பவித்ரா தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். காந்திகிராமத்தில் கடைசி வருடம்.

"வா பாப்பா," என்றார் அக்கா. "பவித்ராவுக்கு வேலைய உறுதி பண்ணத்தான் அந்தாளு அனுப்புனானா?"

"இல்லக்கா." பவித்ராவிடம் திரும்பினேன். "லேப்டாப் இருக்கா?"

கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துவந்தாள். பென் டிரைவில் நான் கொண்டுபோயிருந்த ரிப்போர்ட்டைத் திறந்தேன். கீழே அவள் அப்பா பெயர், பச்சை டிக்.

"அந்த டிக் மேல அமுக்கு."

அமுக்கினாள். ஒரு கட்டம் திறந்தது. அவள் உதட்டை அசைத்துப் படித்தாள். பிறகு சத்தமாக.

"அம்மா, ஜூன் மூணாந் தேதின்னு போட்டிருக்கு. பகல் பதினொண்ணு நாப்பத்திரெண்டு."

"என்னது?"

"அப்பா கையெழுத்துப் போட்ட நேரம்மா."

அக்கா கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்றார். ஜனவரி இருபத்து நாலு, ஜூன் மூணு என்று அவர் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது.

"செத்து நாலு மாசத்துக்கு அப்பறமா?"

"ஆமாக்கா."

"எத வச்சு?"

"டோக்கன் வச்சு."

"நாங் குடுத்தேனே, அதா? மஞ்சத்தண்ணி தொளிச்சு?"

நான் தலையசைத்தேன். அவர் வந்து தெருவாசல்படியில் கரண்டியை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தார்.

"நம்பரு எப்பிடித் தெரியும்?"

"அது மேலயே சார் எழுதி வச்சிருந்தாருக்கா."

பவித்ரா அலமாரியைப் பார்த்தாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. "எங்கப்பா," என்றாள். "எங்கப்பா."

"அந்தாளு போட்டானா?" என்று அக்கா கேட்டார். "அந்த எண்ணெக் கையால?"

சொல்லாமல் போய்விடலாம். ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும்.

"நாந்தாங்க்கா போட்டேன்."

"நீயா?"

"பதினாறு முடிஞ்ச மறுநாள்லருந்து. எல்லாத்துக்கும் நாந்தான்."

"ஒன்னய அவரு பாப்பா பாப்பான்னுவாரு. ரோட்டுல நெல்லிக்கா வித்தாக்கூட, நெலாவுக்குப் புடிக்கும்னு வாங்கிட்டு வருவாரு. நீயா அமுக்குன?"

"ஆமாக்கா."

"அந்த வெரலயா இப்ப எங்கிட்ட நீட்டிக்கிட்டு வந்திருக்க?"

நான் எழுந்தேன். செருப்பு வாசலில் இருந்தது. அக்கா வழியை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நகரவில்லை.

"எங்க போற? சாப்புடாம யாரும் இந்த வீட்டுல இருந்து போனது கெடையாது. பவித்ரா, எலையப் போடு."

"வேணாங்க்கா."

"ஒக்காருடி."

உட்கார்ந்தேன். அக்கா பரிமாறினார். சோறு மங்கலான மஞ்சள். மஞ்சள் போட்ட நிறம் இல்லை அது. பழைய துணி மாதிரி ஒரு நிறம். வேகாத பருப்பு, வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய். கத்தரிக்காயும் கறுத்து விறைத்திருந்தது. டம்ளரில் தண்ணீர் ஊற்றி இலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"கேன் தண்ணி இருக்கும்மா," என்றாள் பவித்ரா மெதுவாக.

"அது நமக்கு. அவ சாரு சேர்ல ஒக்காந்து நல்ல தண்ணின்னு சொன்னவள்ல? குடிக்கட்டும்."

நான் சாப்பிட்டேன். முதல் வாயிலேயே நாக்கில் இரும்பு மாதிரி ஒன்று ஒட்டியது. பருப்பு பல்லுக்கிடையில் உடைந்தது. சோற்றுக்குள் அந்த வாடை இருந்தது. லேப்பில் கையில் ஒட்டும் அதே வாடை. இந்த முறை கழுவ வழியில்லை. மூவாயிரத்து நூற்று நாற்பது போன்ற எண்களை நான் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அது இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. குமட்டியது. விழுங்கினேன். இரண்டாம் முறை அக்கா சோறு போட வந்தபோது கையால் இலையை மறைக்கவில்லை.

டம்ளரைக் கையில் எடுத்தேன். உதடு வரைக்கும் கொண்டுபோனேன். அக்கா வெடுக்கென்று பிடுங்கி வாசலில் வீசினார். தண்ணீர் விழுந்த இடத்தில் கோழி ஒன்று வந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனது.

"போதும்," என்றார். முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

பிறகு, "அந்த டோக்கனு இன்னும் எம்புட்டு நாளைக்குக் கையெழுத்துப் போடும்?" என்று கேட்டார்.

"அடுத்த மார்ச் வரைக்கும்க்கா."

"அதுவரைக்கும் எங்க வீட்டு மனுசன அந்தாளு வேலக்கி அனுப்பிக்கிட்டே இருப்பானா?"

"நிறுத்தலாம்க்கா. சாவுச் சர்டிபிகேட்டோட நீங்க எழுதிக் குடுத்தா ரத்தாயிரும். வாஜித் பாய் செய்வாரு. பேகம்பூர்ல."

"ரத்தானா ஒனக்கு வேல?"

"போயிரும்க்கா."

"எம் மகளுக்கும் போயிரும்," என்றார்.

"எனக்கு அந்த சேரு வேணாம்மா," என்றாள் பவித்ரா. மறுபடியும் வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். "அதுல ஒக்காந்தா எனக்குப் பின்னு நம்பரு மறந்துரும்."

திங்கட்கிழமை காலை மூவரும் வாஜித் பாய் கடைக்குப் போனோம். அவர் சாவுச் சான்றிதழின் தேதியைப் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் படித்தார்.

"அன்னிக்கு நாங் கேட்டேனேம்மா, சாரு நல்லாருக்காரான்னு."

சான்றிதழை மேசைமேல் வைத்தார்.

"தோபா, தோபா. மையித்தோட கையப் புடிச்சுக் கையெழுத்தா? நா வித்த டோக்கன்லயா?" கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு என்னிடம் பேசவில்லை. படிவத்தை அக்காவிடம் மட்டும் கொடுத்து, எங்கே எழுத வேண்டும் என்று விரலால் காட்டினார். காரணம் என்ற இடத்தில் அக்கா தன் கையாலேயே எழுதினார். 'என் கணவர் இறந்துவிட்டார்.' ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தி. கீழே கையெழுத்துப் போட்டார்.

"நாளைக்குக் காலையில ஏறிரும்," என்றார் வாஜித் பாய். "ரிப்போர்ட்டோட நகலும் இதோட நகலும் எடுத்துத் தாரேன். கலெக்டர் ஆபீசுல இன்னிக்கு மனு வாங்குற நாளு. ஆட்டோ புடிச்சுட்டுப் போங்க." ஜெராக்ஸுக்குக் காசு வாங்கவில்லை.

அவர்கள் கலெக்டர் ஆபீசுக்குப் போனார்கள். நான் லேப்புக்குப் போனேன். ஃபிரிட்ஜின் பின்வரிசையில் சார் வைத்த பாட்டில் அப்படியே இருந்தது. 'கரட்டுப்புதூர் போர். 14-1-25. மு.சா.' அதை முன்வரிசைக்கு, கதவைத் திறந்ததும் தெரியும் இடத்துக்கு நகர்த்தி வைத்தேன். வருகிறவர்கள் எடுத்துப் பார்க்கட்டும்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு ஆனந்த்ராஜ் சார் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வாழைக்காய் பஜ்ஜி.

"மில்லு ரிப்போர்ட்டு ஏழு இருக்கு. சட்டுன்னு போட்டு விடு."

டோக்கனைச் செருகினேன். பிளாஸ்டரில் மஞ்சள் மங்கி அழுக்காகியிருந்தது. எட்டு எண்களையும் தட்டினேன். வட்டம் சுற்றியது. சாஃப்ட்வேர் வெளியே போய் விசாரித்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்து, சிவப்பாக ஒரு பெருக்கல் குறி போட்டது.

"என்ன செவப்பா வருது? மறுபடியும் போடு."

மறுபடியும் போட்டேன். மறுபடியும் சிவப்பு.

"அடுத்த ஃபைலப் போடு. தள்ளு, நாம் போடுறேன்." பஜ்ஜி விரலால் அவரே எண்களைத் தட்டினார். கீபோர்டு பிசுபிசுத்தது. வட்டம் சுற்றியது. சிவப்பு. "என்னம்மா ஆச்சு இதுக்கு? நெட்டு இல்லயா?"

"நெட் இருக்கு சார்."

"பின்ன?"

"முத்துச்சாமி சார் செத்துப்போயிட்டாரு சார்."

மென்றுகொண்டிருந்தது அவர் வாயில் நின்றது.

"அது எனக்குத் தெரியாதா?" என்றார்.

"இப்ப இதுக்கும் தெரிஞ்சிருச்சு சார்," என்றேன்.